பிள்ளை எங்கே தூங்கும்?

கோபத்தோடுதான் இந்த வாரப் பத்தியைத் தொடங்குகிறேன். 'ஆறு பேர் தூங்கலாம்' என்று ஒரு படகின் சன்னலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அக்கா மகளின் சின்னவளுக்கு நான்கு வயது. உள்ளே ஏறியதும் அவள் கேட்டது, "என் கட்டில் எது?" விற்பனையாளர் சிரித்த முகத்தோடு சாப்பாட்டு மேசையின் காலைக் கழற்றினார். மேசைப் பலகையை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இறக்கினார். முதுகுத் திண்டுகளை எடுத்து மேலே பரப்பினார். கட்டில் தயார். அதாவது, வீட்டில் கடைசி ஆள் சாப்பிட்டு, தட்டு கழுவி, மேசையைத் துடைத்து முடிக்கும்வரை அந்தக் குழந்தைக்குத் தூக்கம் கிடையாது. காலையில் காபி குடிக்க மேசை வேண்டுமென்றால் அவளை எழுப்பித்தான் ஆக வேண்டும்.

இது நடந்தது கிரிக்கில். நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள சின்னக் கிராமம். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் அங்கே கால்வாய்ப் படகுக் கண்காட்சி நடக்கும். நான் கால்வாய்க் கரையில் நடப்பவள் என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆல்பர்ட்டனில் நம் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் பக்கத்திலேயே ஓடும் பேடிங்டன் கிளையைப் பற்றி எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! அதனால்தான் அக்கா மகள் கூப்பிட்டாள். "நீங்களும் வாங்க சித்தி, உங்களுக்குத்தான் படகு தெரியும்." லண்டன் வாடகை அவர்களுடைய சம்பளத்தில் பாதியை விழுங்குகிறது. வீட்டுக்கு முன்பணம் சேர்வதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். கையில் இருப்பதை வைத்து ஒரு மோட்டார் படகு வாங்கி அதிலேயே குடியிருக்கலாமா என்று யோசிக்கிறார்கள். யோசனையில் தவறே இல்லை. இங்கே பல ஆயிரம் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

ஆனால் எதை வாங்குவது? மலிவு என்று பார்த்தால் ஃபைபர் கிளாஸ் குரூஸர்தான் முதலில் கண்ணில் படும். கோடையில் வார இறுதிக்கு அருமையான படகு. மெல்லிய சுவர், தாழ்ந்த கூரை. ஜனவரியில் உள்சுவரெல்லாம் ஈரம் கசியும், மெத்தையின் அடியில் பூஞ்சை பூக்கும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் குளிர்காலம் தாங்காது. அதை விட்டுவிடலாம்.

அடுத்தது வைட்பீம், பத்துப் பன்னிரண்டு அடி அகலம். ஏறிப் பார்த்தால் ஒரு சிறிய ஃபிளாட் போலவே இருக்கும். பிள்ளைகளுக்குத் தனி அறையே உண்டு. மருமகன் அதை விட்டு நகரவில்லை. அவரிடம் நான் சொன்னது இதுதான். படகை ஏற்றி இறக்கும் மதகுகளான லாக்குகள், கிரிக்குக்குத் தெற்கே வாட்ஃபோர்டில், வடக்கே ஃபாக்ஸ்டனில். இரண்டும் ஏழடி அகலத்துக்குக் கட்டப்பட்டவை. இங்கே நிற்கிற அகலப் படகு எதுவும் தண்ணீர் வழியாக இந்த இடத்தை விட்டு வெளியே போக முடியாது. கிரேன் வைத்துத் தூக்கி லாரியில்தான் ஏற்ற வேண்டும். தெற்கே கிராண்ட் யூனியன் முதன்மைக் கால்வாயிலும் கென்னட் அண்ட் ஏவனிலும் அது தாராளமாகப் போகும். நாட்டின் நடுப்பகுதிக் குறுகிய கால்வாய்கள் அதற்கு ஆயுளுக்கும் கிடையாது. அகலத்துக்கு ஏற்ப லைசென்ஸ் கட்டணமும் கூடுதல்.

ஆகவே பழைய நேரோபோட். 6 அடி 10 அங்குல அகலம். நீளம் 57 அடிக்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லாக் கால்வாய்களிலும் போகலாம். வாங்கும்போது வண்ணத்தையும் சமையலறை ஓடுகளையும் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். பொதுவாக அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கங்கள் 6, மேல் கேபின் 4. தண்ணீரிலேயே கிடக்கும் இரும்பு வருடா வருடம் அரிக்கும். சர்வேயர் படகைக் கரையேற்றி, சுத்தியலால் தட்டி, கறுப்புப் பூச்சை அங்கங்கே சுரண்டி, ஒலி அலைக் கருவியை வைத்து, கிடைத்த அளவைச் சாக்பீஸால் தகட்டிலேயே எழுதுவார். 5.8, 5.6, 5.7 என்று வந்துகொண்டிருக்கும். நீர்மட்டக் கோட்டுக்குப் பக்கத்தில் திடீரென 3.9. காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஒத்துக்கொள்வதில்லை. அந்த ஒரு எண்ணால் மேலே இன்னொரு தகடு பற்றவைக்கும் செலவு சில ஆயிரம் பவுண்டுகளைத் தின்றுவிடும். சர்வேக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கவே கூடாது.

பின்தளம் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு முக்கியம். குரூஸர் பின்தளம் பெரிது, ஆனால் சுற்றிலும் திறந்து கிடக்கும். மெல்லிய கம்பி ஒன்றுதான் தடுப்பு. டிராட் வகையில் சுக்கான் பிடிப்பவர் ஒருவர் நிற்கவே இடம் போதாது. நடுவில் உள்ள செமி-டிராட் வகையில் இருபுறமும் மார்பளவு இரும்புச் சுவர் உண்டு, உள்ளே உட்காரப் பெட்டி இருக்கை உண்டு. நாலு வயதுக் குழந்தை உட்காரும் இடம் அதுதான், லைஃப் ஜாக்கெட்டோடு. மற்றவை சுருக்கமாக. நாலு வருடத்துக்கொருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், மூன்று வருடத்துக்குள் கறுப்புப் பூச்சு, விறகு அடுப்பு இருக்கும் இடத்திலும் தூங்கும் இடத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம். கேசட் கழிப்பறை என்றால் நாலு பேருக்கு இரண்டொரு நாளில் நிரம்பும், அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது யார் என்பதை வாங்குவதற்கு முன்பே கணவனும் மனைவியும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக நிலையான இரண்டு படுக்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, ஒரு விளக்கு. இது இல்லாத படகை எடுக்காதீர்கள் என்று அக்கா மகளிடம் சொன்னேன். அதைச் சொன்னபோதுதான் நாங்கள் நிற்கும் கிராமம் எது என்பது நினைவுக்கு வந்தது.

ஜார்ஜ் ஸ்மித் 1895-ல் காலமானது இந்தக் கிரிக்கில்தான். கோல்வில் ஜார்ஜ் ஸ்மித் என்று ஊர்ப்பெயரோடு சொல்வார்கள். சிறுவயதிலேயே செங்கல் சூளையில் களிமண் சுமந்தவர். பெரியவரானதும் முதலில் சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடிச் சட்டம் கொண்டுவரச் செய்தார். அடுத்து அவர் பார்வை கால்வாய்ப் படகுகளின் மேல் விழுந்தது. ரயில் வந்து சரக்கைப் பறித்ததும் படகோட்டிகளின் கூலி இறங்கிவிட்டது. கரையில் வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாமல் மனைவியையும் பிள்ளைகளையும் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். மனைவி சுக்கான் பிடித்தாள். பிள்ளை குதிரையை நடத்தினான். கூலி ஒருவருக்குத்தான்.

அவர்கள் வாழ்ந்த பின்கேபினை அருங்காட்சியகங்களில் இன்றும் பார்க்கலாம். ஏறக்குறைய பத்தடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம். படியிறங்கினால் இடது கை ஓரம் கரி அடுப்பு. அதற்கடுத்து ஓர் அலமாரி; அதன் கதவைக் கீழே சாய்த்தால் அதுதான் சாப்பாட்டு மேசை. உள்ளே கடைசியில் இன்னொரு கதவு, அதை இறக்கினால் குறுக்கே அப்பா அம்மா படுக்கும் கட்டில். பக்கவாட்டுப் பெட்டியின் மேல் பிள்ளைகள். எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகே எல்லோரும் படுக்கலாம். சுவர் முழுக்க ரோஜாவும் கோட்டையும் தீட்டிய படங்கள், ஓரம் லேஸ் போல் அமைந்த பீங்கான் தட்டுகள், தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கும் பித்தளை. அந்தப் பெண்கள் அந்த இடத்தை எவ்வளவு கண்ணியமாக வைத்திருந்தார்கள் என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஸ்மித் எழுதினார், பேசினார், நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1877-ல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. ஆள் குடியிருக்கும் படகை வீடாகவே பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு 60 கன அடி, அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 40 கன அடி காற்று இருக்க வேண்டும் என்று அதன்கீழ் விதி செய்தார்கள். தம்பதி உறங்கும் கேபினில் வளர்ந்த பிள்ளைகள் உறங்கக் கூடாது. 1884-ல் அதைத் திருத்தி ஆய்வாளர்களுக்கு உண்மையான பல் கொடுத்தார்கள். 40 கன அடி என்பது எவ்வளவு சின்ன இடம்! இருந்தாலும் ஓர் அரசாங்கம் முதல்முறையாகப் படகுக்குள் எட்டிப் பார்த்து, இந்தப் பிள்ளை எங்கே தூங்குகிறது, எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று கேட்டது.

இங்கே நான் அடிக்கடி சொல்லும் புத்தகத்தை மறுபடி எடுத்தே தீர வேண்டும். எல்.டி.சி. ரோல்ட் எழுதி 1944-ல் வந்த 'நேரோ போட்'. 1939-ல் மணமான கையோடு மனைவி ஏஞ்சலாவுடன் பான்பரியிலிருந்து 'கிரெஸ்ஸி' என்ற படகில் கிளம்பிய பயணம். பழைய ஃபோர்டு மாடல் டி எஞ்சின், உள்ளே புத்தக அலமாரி, ஒரு குளியல் தொட்டிகூட. அந்தப் புத்தகத்தின் கிளர்ச்சியில்தான் 1946-ல் உள்நாட்டு நீர்வழிச் சங்கமே உருவாயிற்று. அது இல்லாவிட்டால் இன்று பாதிக் கால்வாய்கள் தூர்ந்திருக்கும். எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் உள்ள அன்பு குறையவே குறையாது. ஆனால் கிரெஸ்ஸி இரண்டு பெரியவர்களின் படகு. இந்த நாட்டில் படகு வாழ்க்கை என்றதும் எல்லோர் மனதிலும் விரியும் கனவு அந்த இருவரின் கனவு. அதே தண்ணீரில் பத்தடிக் கேபினில் நாலைந்து பிள்ளைகளை வளர்த்த தாய்மார்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் புத்தகம் எழுதவில்லை.

படிப்புத்தான் அவர்களுடைய பெரிய காயம். சரக்கு இறக்கும் ஊரில் ஒரு நாள் பள்ளி, அடுத்த ஊரில் அரை நாள். ஒவ்வொரு ஊரிலும் புது ஆசிரியர் முதல் பாடத்திலிருந்தே தொடங்குவார். 1930-ல் 'எல்ஸ்டேல்' என்ற படகையே பள்ளிக்கூடமாக்கி வெஸ்ட் டிரேட்டனில் கட்டி வைத்தார்கள். பிறகு அதைச் சவுத்தாலுக்குப் பக்கத்தில் உள்ள புல்ஸ் பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்கள். சரக்குப் படகுகள் அடுத்த உத்தரவுக்காகக் காத்து நின்ற இடம் அது. காத்திருக்கும் சில நாட்களில் பிள்ளைகள் அதில் போய் எழுத்துக் கூட்டினார்கள். இப்போது அங்கே ஒரு பெரிய டெஸ்கோ. நம்மவர்கள் எத்தனையோ பேர் அங்கே அரிசி மூட்டை வாங்குகிறோம். 1970 வரை அதே தண்ணீரில் சவுத்தால் ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி வந்துகொண்டிருந்தது.

அக்கா மகளுக்கு நான் கடைசியாகச் சொன்ன யோசனை படகைப் பற்றியது அல்ல, மூரிங்கைப் பற்றியது. சொந்தமாகக் கட்டுமிடம் இல்லாத படகு 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நியாயமான காரணம் இருந்தாலொழிய. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதுவும் ஒரே ஊரைச் சுற்றி முன்னும் பின்னும் போய்வந்தால் கணக்கில் வராது. கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் 2024 ஏப்ரலில் இவர்களுக்குக் கூடுதல் கட்டணமும் போட ஆரம்பித்துவிட்டது. தொடக்கம் 5 சதவீதம், 2028-ல் அது 25 ஆகும். பெரியவளுக்கு எட்டு வயது. அவள் பள்ளி நகராது. முதலில் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்க அனுமதி உள்ள மூரிங் தேடுங்கள், கிடைத்தால் அதன் நீளத்துக்கு ஏற்ற படகை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் வாங்கவே வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடியது. லண்டனில் அப்படி ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று அவளுக்கும் தெரியும்.

1884-ல் பள்ளியைப் பற்றிக் கேட்ட நாடு இன்று படகின் நீளத்தையும் காப்பீட்டையும் எரிவாயுக் குழாயையும்தான் கேட்கிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை. இதே டிரஸ்ட் ஒவ்வொரு வருடமும் நவம்பரிலிருந்து பிப்ரவரி முடிய குளிர்கால மூரிங் என்று பணம் வாங்கிக்கொண்டு படகுகளை ஓரிடத்திலேயே நிற்க விடுகிறது. கரையும் கட்டும் வளையமும் தயாராக இருக்கின்றன. பள்ளித் தவணைக்கு என்று ஒரு மூரிங், நியாயமான கட்டணத்தில், பிள்ளைகள் உள்ள படகுகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். விடுமுறை விட்டதும் அவர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பட்டும்.