பால் பத்தவில்லை என்ற தீர்ப்பு

என் மகள் பிறந்தபோது எடை 2.3 கிலோ. பார்க்க வந்தவர்கள் தொட்டிலுக்குள் குனிந்தார்கள். நிமிரும்போதே முடிவும் சொல்லிவிட்டார்கள். “தாய்க்குப் பால் பத்தலை. பவுடர் பால் குடு, ஒரே மாசத்துல தேறிடும்.” அத்தை சொன்னார், எதிர்வீட்டு அக்கா சொன்னார், மருந்துக்கடையில் மாத்திரை வாங்க நின்ற பெரியவரும் சொன்னார். அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் சிறிதாகப் பிறந்து மெதுவாக வளரும் குழந்தைகளுக்கு இந்தத் தீர்ப்பு கெடுதலே செய்கிறது. அதற்குள் அடங்கிய கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

1. “பக்கத்து வீட்டுப் பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு, இது நோஞ்சான்.”

குழந்தையைப் பக்கத்து வீட்டோடு ஒப்பிடக் கூடாது. அதன் சென்ற மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல், இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவானது. அதன்படி ஆறு மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 7.3 கிலோ. ஆனால் 5.7 கிலோ வரை இயல்பின் எல்லைக்குள்தான். என் மகள் ஆறாம் மாதத்தில் 5.9 கிலோ இருந்தாள். 7.3-ஐ மட்டும் பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பிறந்த எடையைப் பார்த்தால் இரண்டரை மடங்கு ஏறியிருந்தாள்.

பிறந்த முதல் சில நாட்களில் எந்தக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்துக்குள் அது மீள வேண்டும். பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. குறைமாதக் குழந்தை என்றால் எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அதைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். உடுப்பில்லாமல், ஒரே தராசில் நிறுத்து, அங்கன்வாடி அட்டையில் புள்ளிகளைச் சேர்த்துப் பாருங்கள். கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

2. “அழுதுக்கிட்டே இருக்கு, பால் ஊறலை.”

குழந்தை பசிக்கு மட்டுமா அழுகிறது? ஈரத்துக்கு, வெக்கைக்கு, தூக்கத்துக்கு, அம்மாவின் சூட்டுக்கும் அழும். பால் போகிறதா என்பதைத் துணிதான் சொல்லும். முதல் வாரம் கழிந்த பின் ஒரு நாளில் ஆறு முறையாவது வெளிர்நிறமாகச் சிறுநீர் கழித்தால், பால் உள்ளே போகிறது என்று பொருள்.

போகவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது குழந்தை கவ்வும் விதம். காம்பை மட்டும் பற்றினால் தாய்க்கு வலி, பிள்ளைக்குப் பட்டினி. சுற்றியுள்ள கரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். ஒரு பக்கம் குடித்து முடிக்கும் முன்பே மறுபக்கம் மாற்றவும் கூடாது; கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம், எடை ஏற்றுவது அதுதான்.

அழுகையைவிட நான் அஞ்சுவது மௌனத்துக்குத்தான். சிறிய குழந்தை சோர்ந்து தூங்கிவிடும். பசித்தாலும் கேட்கத் தெம்பிருக்காது. ‘அழட்டும், கொடுக்கலாம்’ என்று காத்திருக்காமல், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், எழுப்பிக் கொடுக்க வேண்டும். உறிஞ்ச முடியாத பிள்ளைக்குப் பாலைப் பீய்ச்சி எடுத்து நம் பாட்டிகளின் பாலாடையால் புகட்டலாம். தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்தால் குழந்தையின் சூடு காக்கப்படும். குளிரை எதிர்க்கச் செலவாகும் சக்தி எடையாகும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய இந்தக் கங்காரு முறையை இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லித் தருகிறார்கள்.

3. “ராத்திரி ஒரு புட்டி குடுத்தா நல்லாத் தூங்கும்.”

தூங்கும். அந்த இரவில் மார்பு காலியாகாது. காலியாகாத மார்பு அடுத்த நாள் குறைவாகச் சுரக்கும். குறைந்ததைக் கண்டு இரண்டாவது புட்டி வரும். பத்தே நாளில் ‘பால் பத்தலை’ என்ற சொல் உண்மையாகிவிடும், உண்மையாக்கியது புட்டி. விலை கட்டுப்படியாகாமல் பவுடரில் தண்ணீரைக் கூட்டும் வீடுகளில் குழந்தைக்கு வயிறு நிறையும், எடை நிற்கும்.

4. “நாலு மாசம் ஆச்சே, மாட்டுப்பாலும் தேனும் குடுக்கலாமே.”

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம், அது பாலுக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு வயதுக்குள் மாட்டுப்பாலைப் பிரதான உணவாக்கினால் இரும்புச்சத்து குறையும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளம் குழந்தையைப் பக்கவாதம்போல் முடக்கிவிடலாம். ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

5. “கஞ்சித்தண்ணியும் பருப்புத்தண்ணியும்தான் செரிக்கும்.”

ஆறு மாதம் வரை ஒழுங்காக ஏறிய கோடு பல வீடுகளில் படுப்பது இங்கேதான். குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். ஆறு கிலோ பிள்ளைக்கு 180 மில்லி, ஒரு டம்ளர் அளவு. அந்த ஒரு டம்ளரைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு எடை ஏறவில்லை என்று வருந்துகிறோம். பருப்பின் சத்து அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது. நாம் தெளிவை இறுத்து ஊட்டுகிறோம்.

குழைந்த சோறும் பருப்பும் மசித்து, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் கொடுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் சுமார் 40 கலோரி கூடும். அளவு கூடாமல் பலம் கூடும். மசித்த முட்டை, முள் நீக்கிய மீன், வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ், அங்கன்வாடிச் சத்துமாவு எல்லாம் ஆகும். முதலில் இரண்டு மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. தாய்ப்பாலும் தொடரட்டும்.

இவ்வளவு சொன்ன நான் பவுடர் பாலை நஞ்சென்று சொல்லவில்லை. இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாத குழந்தை, கோடு இறங்கும் குழந்தை, பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்கும் குழந்தை, சிறுநீர் குறைந்து துவண்டு கிடக்கும் குழந்தை — இவர்களை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இதயக் கோளாறோ தொற்றோ இருக்கலாம். உண்மையிலேயே பால் குறைந்த தாய்மாரும் உண்டு. மருத்துவர் அளவு சொல்லித் தரும் பவுடர் பால் அங்கே சிகிச்சை. அந்தத் தாய் எதிலும் தோற்றவள் அல்ல. நான் மறுப்பது, தராசும் அட்டையும் பார்க்காமல் வாசற்படியிலேயே சொல்லப்படும் தீர்ப்பைத்தான்.

அந்தத் தீர்ப்பைச் சொல்லும் வீடுகளிலேயே பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று காயும் பழமும் விலக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பாலூட்டும் முதல் ஆறு மாதம் அவளுக்கு வழக்கத்தைவிட நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். எனக்கு அதை உணர்த்தியவர் எடை பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர். குழந்தையைத் தராசிலிருந்து இறக்கி என் மடியில் வைத்துவிட்டு, பால் பத்துகிறதா என்று அவர் கேட்கவில்லை. “நீ காலையில என்ன சாப்பிட்டம்மா?” என்றார். மணி பதினொன்று. நான் ஒரு டம்ளர் காப்பி மட்டும் குடித்திருந்தேன்.