சீமெந்துக்குள் உறங்கும் ஊர்

நவீன கலை பற்றிப் பேச்செழும் போதெல்லாம், “சாக்கைத் தைத்தவனும் பிளாஸ்டிக்கைச் சுட்டவனும் ஓவியனா?” என்று கேலி பேசுவோர் உளர். உருவம் இல்லை, ஆகவே கலையும் இல்லை என்பது இவர்களது தீர்ப்பு. இத்தாலியரான அல்பேர்ட்டோ புர்ரி (1915–1995) இக்கேலியை நன்கறிந்தவர்.

புர்ரி ஒரு மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல் துனீசியாவில் சிறைப்பட்டார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கைதிகள் முகாமிலேயே ஓவியம் தீட்டத் தொடங்கினார். நாடு திரும்பியபின் மருத்துவத்தைக் கைவிட்டார். கிழிந்த சாக்குகளை ஒட்டுப்போட்டுத் தைத்தார். பிளாஸ்டிக் தாள்களைத் தீயால் உருக்கினார். 1970களில் வெண்ணிறக் கலவையைச் செயற்கைப் பசையுடன் குழைத்துப் பூசி, அது உலரும்போது தோன்றும் வெடிப்புகளையே ஓவியமாக்கினார்.

அந்த வெடிப்புகளின் பொருளை அறிய விரும்புவோர் சிசிலித் தீவின் ஜிபெல்லினாவைப் பார்க்க வேண்டும். 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கைத் தாக்கிய பூகம்பத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், ஜிபெல்லினா தரைமட்டமாயிற்று. பல கிலோமீற்றர் தொலைவில் புதிய ஊர் எழுந்தது. அதனை அலங்கரிக்கக் கலைஞர்கள் அழைக்கப்பட்டனர். புர்ரியோ புதிய ஊரை விட்டு இடிபாடுகளையே தெரிவுசெய்தார். அவற்றைத் திரட்டி, ஏறத்தாழ ஆளுயரப் பாளங்களாக வெண்சீமெந்தால் மூடச் செய்தார். பாளங்களுக்கிடையிலான பிளவுகள் பழைய தெருக்களை நினைவூட்டுகின்றன. 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய பணி 1989இல் தடைப்பட்டு, அவர் மறைந்து இருபது ஆண்டுகளின் பின் 2015இல் நிறைவெய்தியது.

“மக்கள் ஆண்டுக்கணக்கில் கொட்டில்களில் வாடியிருக்க, கலைக்காகச் சீமெந்தைக் கொட்டலாமா?” என்ற கேள்வியும் உண்டு. இது கேலியன்று, நியாயமான சினம். ஆனால் மக்களைக் கொட்டில்களில் தவிக்கவிட்டது அரசு. அரசிடம் கேட்க வேண்டிய கணக்கைக் கலைஞனிடம் கேட்டால், தப்பிப்பது அரசே.

அங்கே வெண்கலச் சிலையொன்றை நாட்டி, அமைச்சரொருவர் மாலை சூட்டியிருந்தால் எவரும் வாய் திறந்திரார். இடிபாடுகள் அகற்றப்பட்டிருக்கும், ஊரின் தடமும் அழிந்திருக்கும். இன்றோ அத்தெருக்களில் நடக்கலாம். ஆனால் கதவில்லை, சாளரமில்லை, அழைக்கும் குரலில்லை. வீடு கட்டும் சீமெந்தே “இங்கு வீடில்லை” என்று சாட்சி சொல்கிறது.

இது கலையல்ல என்போர் ஒன்றைச் சொல்லட்டும்: இந்த இழப்பை வேறெந்தப் பொருளால் இவ்வளவு நேர்மையாகச் சொல்லியிருக்க முடியும்?