பீலிக்கரைக்குப் பசும்வேலி

சப்பிரகமுவாத் தோட்டங்களில் நீருக்குக் குறைவில்லை. நீர்க்கரையைப் பேணுதற்கே ஆளும் நேரமும் குறைவு. லயத்துப் பீலியாயினும், பங்களாவின் நீச்சற் குளமாயினும், சுற்றுத்தரை வெறுமையாய்க் கிடப்பின் மழைதோறும் மண் கரைந்து நீரிற் சேரும். சீமெந்துச் சுவரே இதற்கு வழியெனப் பலர் கருதுவர். ஒருமுறை நட்டபின் அதிக வேலை வாங்காத செடிகளே முதற்காவல் என்பது எமது கருத்து.

வெட்டிவேரை எடுத்துக்கொள்வோம். அதன் வேர் பக்கத்திற் படராது, ஆழ்ந்த மண்ணில் 3 மீற்றர் வரை நேர்கீழே இறங்கும். பிஜித் தீவின் கரும்புத் தோட்டச் சரிவுகளில் 1950களிலேயே இது மண்காக்கப் பயன்பட்டது. தூர்களைப் பிரித்து, மழைக்காலத் தொடக்கத்தில், சரிவுக்குக் குறுக்கே 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுக. வரிசையில் வெற்றிடம் விடலாகாது. நீர் அவ்வழியே பாய்ந்து மண்ணை அறுக்கும். முதலாண்டிற் களை பிடுங்கவேண்டும். பின்னர் ஆண்டுக்கு இருமுறை வெட்டினாற் போதும். வெட்டிய புல் தேயிலைக்கு மூடாக்காகும். நிழலில் இது செழிக்காது. அங்கே கமுகும் தாழையும் ஏற்றவை. ஈரத்தரையில் வல்லாரை தானே படரும். எனினும் கழிவுநீர் பாயுமிடத்தில் வளர்ந்ததைக் கறிக்குக் கொய்யலாகாது.

புதர் மண்டினால் எலி சேரும் என்பர் சிலர். உண்மையே, எலிக்காய்ச்சல் இம்மாவட்டங்களுக்குப் புதிதன்று. ஆதலாற்றான் ஒழுங்காக வெட்டுதலையும், கான்களில் நீர் தேங்காது காத்தலையும் வற்புறுத்துகின்றோம்.

புல்வேலி மேல்மண்ணையே காக்கும், மலைச்சரிவைத் தடுக்கவல்லதன்று. 2016 மே 17இல் அரநாயக்காவில் நேர்ந்த பேரழிவை மறத்தலாகாது. நிலம் வெடித்தாலோ, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ, செடியையும் சுவரையும் நம்பாது உடனே இடம்பெயர்க.

இறுதியாக ஒன்று. பீலிக்கரை வழுக்கினால் விழுபவர், கொழுந்துக்குச் சென்று மீண்டு, இருளிற் குடமேந்தும் பெண்களே. அக்கரையைத் திருத்துவதை அவர்தம் ஓய்வுநேரத் தொண்டாக விடுதல் நீதியன்று. நடுகை நாட்களுக்குத் தோட்டம் பேர் போட்டுக் கொடுக்கட்டும். பின்னர் ஆண்டுக்கு இருமுறை வெட்டும் சிறுபணியை லயத்தார் முறைவைத்துச் செய்தல் அரிதன்று. பங்களாக் குளத்தைச் சுற்றிப் பூஞ்செடி நடுதற்கு ஆள் விடும் தோட்டம், பீலிக்கரைக்கும் இரண்டு நாள் ஆள் விடலாமன்றோ?