‘காணாமற்போன’ என்று எழுதாதீர்கள்

மிஸ்ஸிங், டிஸப்பியர்ட் என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே கருத்தைத்தான் சொல்லும்: காணேல்லை. கட்டையிலிருந்து அவிழ்ந்த ஆட்டைக் காணாவிட்டாலும் மிஸ்ஸிங்தான். நிலவு முகிலுக்குள் போனால் டிஸப்பியர்ட். அகராதியில் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கும் இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் பல வருடமாக ஒரு வழக்கு நடக்கிறது. ஒரு பக்கம் கந்தோர்கள், மறுபக்கம் தாய்மார்.

ஓகஸ்ட் 30 வந்தால் அந்தத் தாய்மார் படங்களோடு வீதிக்கு வருவார்கள். அருகில் போய் அந்தப் படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து லமினேற் பண்ணியவை. கீழே பெயர், ஊர், ஒரு திகதி. வெயிலில் பிடித்துப் பிடித்து முகம் வெளிறி, ஓரத்தில் பிளாஸ்ரிக் பிரிந்து, அதன் மேல் ரேப் ஒட்டியிருக்கும். மற்றக் கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் பொலிஸில் முறைப்பாடு போட்ட துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்துத் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த இலக்கம், ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கிய கடிதங்கள். அந்தக் கடிதங்களில் பிள்ளை ‘காணாமற்போன ஆள்’. தாய் பிடித்திருக்கும் பதாகையில் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்’. ஒரே பிள்ளைதான்.

ஒரு அலுவலக மேசையில் நான் கேட்டது இது. படிவம் நிரப்பிய இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“அம்மா, உங்கட மகன் எப்ப காணாமல் போனவர்?”

“தம்பி, அவன் காணாமல் போகேல்லை. வீட்டில படுத்திருந்தவனை எழுப்பிக் கொண்டுபோனவங்கள். நான் படலைமட்டும் பின்னால போனனான்.”

இளைஞர் தலையை ஆட்டிவிட்டுப் படிவத்தில் இருந்த கட்டத்துக்குள் திகதியை எழுதினார். கட்டத்தின் மேல் ‘காணாமற்போன திகதி’ என்று அச்சடித்திருந்தது. படலை வரைக்கும் பின்னால் போனதை எழுத அந்தத் தாளில் இடம் இருக்கவில்லை. அவரில் பிழை சொல்ல மாட்டேன். பிழை அச்சடித்த சொல்லில் இருக்கிறது.

எங்கள் சனம் இந்த விடயத்தைத் தங்கள் வாயால் சொல்லும்போது ஒருநாளும் எழுவாயை விழுங்கியதில்லை. ‘பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்’, ‘வந்து ஏத்தினவங்கள்’, ‘விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை’. எல்லா வசனத்திலும் செய்தவன் இருக்கிறான். அதே வசனம் மனுவாகி, மனு மொழிபெயர்ப்பாகி, மொழிபெயர்ப்பு அறிக்கையாகி வரும்போது செய்தவன் வழியில் இறங்கிவிடுகிறான். கடைசியில் மிஞ்சுவது, தன்பாட்டில் எங்கேயோ போய்விட்ட ஒரு பிள்ளை.

தமிழில் ‘போ’ என்ற துணைவினை செய்யும் வேலை இதுதான். தொலைந்துபோனது, கெட்டுப்போனது, வாடிப்போனது, செத்துப்போனார். எதிலும் ‘யார்?’ என்ற கேள்வி எழாது. ‘ஆக்கு’ பிறவினை. ஆக்கியவன் ஒருவன் இல்லாமல் அந்தச் சொல் நிற்காது. ஓடினான், ஓட்டினான் என்று தமிழ் இந்த வேறுபாட்டைச் சின்ன வயதிலேயே எங்கள் நாக்கில் ஏற்றிவிடுகிறது. அதனால்தான் இலக்கண வகுப்புப் பக்கம் அதிகம் போகாத தாய்மாருக்கும் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல் அவ்வளவு இயல்பாகப் படிந்தது.

ஆங்கிலத்துக்கு இது இவ்வளவு சுலபமாக வரவில்லை. டிஸப்பியர் என்பது தானாக நடப்பது. ஒருவரை இன்னொருவர் டிஸப்பியர் பண்ணுவது என்று அந்த மொழியில் சாதாரணமாகச் சொல்வதில்லை. ஜோசப் ஹெல்லர் 1961 இல் வெளியிட்ட ‘கேட்ச்-22’ நாவலில் ஒரு தாதி வந்து, ஒரு வீரனை டிஸப்பியர் பண்ணப்போகிறார்களாம் என்று இரகசியம் சொல்வாள். கேட்பவன், இது இலக்கணத்துக்கே பொருந்தவில்லையே என்று திகைப்பான். அந்தப் பொருந்தாத இலக்கணத்தை உலகம் முழுவதும் வழக்காக்கியது லத்தீன் அமெரிக்கா. காணாமல் ஆக்கப்பட்டோரை அங்கே ‘தெசாபரெசிதோஸ்’ என்றார்கள். ஆர்ஜென்ரீனாவின் இராணுவ ஆட்சிக் காலத்தில், 1977 ஏப்ரல் 30 அன்று, பிள்ளைகளைத் தேடிய தாய்மார் சிலர் புவனஸ் அயர்ஸ் நகரின் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். ஓகஸ்ட் 30 ஐக் காணாமல் ஆக்கப்பட்டோரின் நினைவுநாளாக்கியதும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் கூட்டமைப்புத்தான். ஐக்கிய நாடுகள் சபை அதைப் பிறகுதான் ஏற்றது. எங்கள் பக்கமும் வெகுகாலம் பிந்தவில்லை. இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனதை எதிர்த்து 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தொடங்கி, பெண்கள் அரசாங்க அதிபரிடம் நியாயம் கேட்டு ஊர்வலம் போனார்கள்.

2006 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற, வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சமவாயம் அந்தச் சொல்லை உலகச் சட்டச் சொல்லாக்கியது. அது சொல்லும் குற்றத்தில் மூன்று துண்டு இருக்கிறது. ஒருவரின் சுதந்திரத்தைப் பறித்தல். அதை அரசின் ஆட்களோ அரசின் ஆதரவோ சம்மதமோ உள்ளவர்களோ செய்தல். பிறகு பிடித்ததையே மறுத்தல் அல்லது ஆள் எங்கே என்பதை ஒளித்தல். மூன்றாவது துண்டைக் கவனியுங்கள். கொண்டுபோனது ஒரு இரவில் முடிகிறது. மறுப்பது முடிவதில்லை. இது தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் தன்மையுள்ள குற்றம் என்று சமவாயம் சொல்வது அதனால்தான். ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லுக்குள் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இலங்கை இந்தச் சமவாயத்தில் 2015 இல் கைச்சாத்திட்டு 2016 இல் உறுதிப்படுத்தியது. 2018 இல் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. 20 வருடம்வரை சிறை. ஆக, சட்டப் புத்தகத்தில் தாய்மாரின் சொல் ஏறிவிட்டது. ஆனால் தாய்மார் போய் வரிசையில் நிற்கும் இடங்களின் பெயர்ப்பலகையில் ஏறவில்லை. 2013 இல் நியமித்தது காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஆணைக்குழு. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைத்தது காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். அதன் பிராந்தியக் கிளை 2019 ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்தில் திறந்தபோது, வாசலுக்கு எதிர்ப்போடு வந்தவர்கள் அந்த அலுவலகம் யாருக்காக என்று சொல்லப்பட்டதோ அவர்களேதான்.

அலுவலகத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் அகலமாக வலை வீசுகிறது. போரில் தவறியவர், கலவரத்தில் தவறியவர், களத்தில் தவறிய படைவீரர், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர் எல்லோரும் அதற்குள் அடக்கம். மகன் முல்லைத்தீவு இராணுவ முகாமிலிருந்து திரும்பி வரவில்லை என்று குருநாகலில் இருக்கும் ஒரு தாய்க்கும் அதே கதவு வேண்டும். செஞ்சிலுவைக்காரர்களும் இதனால்தான் மிஸ்ஸிங் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள்: யார் செய்தது என்று முதலில் கேட்டால் முகாம் கதவைச் சாத்திவிடுவார்கள், ஆளைத் தேட முடியாது. தேடுகிறவர்களுக்கு அந்தச் சொல் ஒரு கருவி. அதை நான் மறுக்கவில்லை. தேடி முடிக்காத நாட்டில், விசாரிக்காத நாட்டில், அந்தக் கருவியே தீர்ப்பாகிவிட்டது என்பதுதான் என் கவலை.

‘காணாமற்போனவர்’ என்பதற்கு உரிய இடம் எங்கள் ஊரில் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 காலையில் கடல் எழுந்து வடமராட்சி கிழக்கைக் கொண்டுபோனது. உடல் கிடைக்காதவர்களைக் காணாமற்போனோர் என்று எழுதினோம், ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. தொழிலுக்குப் போன வள்ளம் திரும்பாவிட்டாலும் அப்படித்தான். கடலிடம் யாரும் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது. அதே வடமராட்சி கிழக்கில், மருதங்கேணியில், 2017 இல் கொட்டில் போட்டுக் குந்தியிருந்த தாய்மார் கேட்டது கடலிடம் அல்ல.

1996 ஐ எடுங்கள். இராணுவம் குடாநாட்டைப் பிடித்து, இடம்பெயர்ந்த சனம் வீடு திரும்பிய வருடம். அந்த ஒரு வருடத்தில் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 600 பேர் இப்படி இல்லாமற் செய்யப்பட்டதாக அம்னெஸ்ரி அடுத்த வருடம் எழுதியது. அந்த செப்ரெம்பர் 7 அன்று சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் கைதடிக்குத் திரும்பினாள். செம்மணிச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். தேடிப்போன தாய், தம்பி, அயலவர் மூவரும் திரும்பவில்லை. அந்த நால்வரையும் ‘மிஸ்ஸிங்’ என்ற நிரலிலேயே விட்டிருந்தால் வழக்கு வந்திருக்காது. யார் மறித்தது என்று கேட்டதால்தான் வந்தது. அந்த வழக்கில் 1998 இல் மரணதண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ஷ செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999 இல் தோண்டியபோது 15 உடல்கள்.

பிறகு இருபத்தைந்து வருடம் அந்த வெளியால் பஸ்ஸில் போய் வந்தோம். 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குக் கிண்டிய இடத்தில் எலும்பு வந்தது. அந்த வருடத்திலேயே 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு சின்னப் பிள்ளையினுடையதோடு நீலப் பள்ளிக்கூடப் பையும் பொம்மையும் இருந்தன. ஓகஸ்ட் 5 அன்று, கிடைத்த உடுப்புகளையும் பொருள்களையும் மக்கள் வந்து அடையாளம் காண நீதிமன்றம் வழிவிட்டது. மண் நிறமேறிய துணிகளை வரிசையாய் விரித்திருக்க, குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள். பொம்மை வைத்திருந்த பிள்ளை எங்கே ‘போயிருக்கும்’?

2006 ஓகஸ்ட் 20 அன்று அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் துணைக்கு வந்தவரோடு கடைசியாகக் காணப்பட்டது கடற்படைச் சாவடியடியில். 2009 மே மாதம் வட்டுவாகலில், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போனார்; அவரும் வரவில்லை. அன்று கணவன்மாரைக் கொண்டுபோய் விட்ட பெண்கள் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தாண்டி மூன்றாவது ஒன்றைச் சொல்கிறார்கள்: கையளித்தோம். கையளித்ததென்றால் வாங்கிய கை ஒன்று இருக்கிறது.

இந்த இடத்தில் நாங்கள் எங்கள் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி, கவிஞர் செல்வி. 1991 இல் விடுதலைப் புலிகள் அவரைக் கைது செய்தார்கள். நாளும் ஓகஸ்ட் 30 தான். அடுத்த வருடம் எழுத்தாளர்களுக்கான பென் அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. வாங்க அவர் வரவில்லை, பிறகும் வரவில்லை. புலிகளும் மற்ற இயக்கங்களும் கொண்டுபோன பிள்ளைகளின் தாய்மார் படம் பிடித்துக்கொண்டு வீதிக்கு வர முடிந்தது அரிது. சமவாயத்தின் வரையறை அரசைத்தான் சுட்டுகிறது. அரசல்லாதவர் செய்ததையும் விசாரிக்க வேண்டும் என்று அதன் 3 ஆம் உறுப்புரை தனியே சொல்கிறது. எங்கள் தமிழ்ச் சொல்லுக்கு அந்த இரண்டாம் வரி தேவையில்லை. ‘ஆக்கப்பட்டவர்’ எந்தச் சீருடை என்று பார்ப்பதில்லை. அந்தச் சொல்லை ஒரு பக்கத்துக்கு மட்டும் பாவித்தால், அதை உருவாக்கிய தாய்மாருக்கே நாங்கள் அநியாயம் செய்கிறோம்.

ஆகவே பத்திரிகையில் எழுதும் தம்பி, தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். கடல் கொண்டுபோனால் காணாமற்போனவர். ஆள் கொண்டுபோனால் காணாமல் ஆக்கப்பட்டவர். அலுவலகத்தின் பெயரை அதன் பெயராகவே எழுதுங்கள். அதற்குள் இருக்கும் மனிதரை அந்தப் பெயரால் எழுதாதீர்கள். இன்னும் ஒரு படி போகலாம். ‘ஆக்கப்பட்ட’ என்பதும் செயப்பாட்டுவினைதான். செய்தவன் யாரென்று கேட்க வைக்குமே தவிரச் சொல்லாது. சாட்சி இருக்கும் இடத்தில் சாட்சி சொன்னபடியே எழுதுங்கள். நாவற்குழி வழக்கைப் பற்றி ‘காணாமற்போன 24 இளைஞர் தொடர்பான வழக்கு’ என்று தலைப்பிட வேண்டாம். 1996 இல் இராணுவம் சுற்றிவளைத்து 24 இளைஞரைக் கொண்டுபோனது என்று உறவினர் சொல்கிறார்கள், அவர்களில் சிலரை முன்னே நிறுத்தும்படி 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள் என்று எழுதுங்கள். இரண்டு வரி கூடும். பக்கத்தில் இடம் இல்லையென்றால் விளம்பரத்தைச் சின்னதாக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.