நீலம் இல்லாத கடல்

கடலை ஆயில் பெயிண்ட்டில் வரைய நீலக்கலர் வேண்டியதில்லை. சிரிக்காதீர்கள், விளக்குகிறேன்.

ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860-1920) என்று ஒரு ஸ்வீடன்காரர். அமெரிக்க ஜனாதிபதிகளையே உட்காரவைத்து வரைந்த பெரிய கை. அவர் பெயரால் ஓவியர்கள் இன்றைக்கும் சொல்கிற கூட்டணியில் நாலே கலர்: வெள்ளை, ஐவரி பிளாக், யெல்லோ ஆக்கர் என்கிற காவி மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு. கடைசி ஆசாமி பாதரசச் சரக்கு என்பதால் இப்போது பலர் காட்மியம் சிவப்புக்கு மாறிவிட்டார்கள். (ஸோர்ன் மற்ற கலர்களையும் தொட்டவர்தான். விரதமெல்லாம் இல்லை.)

நீலம் எங்கே? கறுப்பில் வெள்ளையைக் கலந்து, காவி மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு தீற்று தீற்றுங்கள். சாம்பல், நீலமாகத் தெரியும். ட்யூபில் இல்லாததைக் கண்ணே போட்டுக்கொள்கிறது. அதே கறுப்போடு மஞ்சள் சேர்ந்தால் பாசிப்பச்சை. சிவப்பு சேர்ந்தால் ஈரப்பாறை. எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் படத்தில் சண்டை கிடையாது. மழைக்கு முந்தைய கடலின் அந்த 'உம்'மென்ற முகம் தானாகவே வந்துவிடும்.

கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். வானம், கடல், பாறை என்று மூன்று அழுத்தம்தான் தெரியும். அதை முதலில் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் போடவும். கிட்டத்துப் பாறை நல்ல இருட்டு. தூரத்துப் பாறை வெளிறல். எண்ணெய் அதிகமுள்ள கெட்டிக் கலர் அதற்கு மேல்தான். மாற்றிப் போட்டால் நாளாவட்டத்தில் வெடிக்கும். நுரை கடைசியில், அதிலும் கொஞ்சம் சாம்பல் கலந்து. சுத்த வெள்ளை ஒரே ஓர் இடத்தில், அலை பாறையை அறைகிற இடத்தில் மட்டும். மேன்ஷன்வாசிகள் ஜன்னலைத் திறந்து வைக்கவும். ரூம்மேட்டுக்கு டர்பன்டைன் நாற்றம் ஆகாது.

விட்டுவிடுவதில் மன்னன், வின்ஸ்லோ ஹோமர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ப்ரௌட்ஸ் நெக் என்ற பாறைக்கரையில் 1883-ல் குடியேறி, 1910-ல் சாகும்வரை அந்தக் கடலை வரைந்தவர். அவருடைய 'நார்த்ஈஸ்டர்' (1895) படத்தில் முதலில் பாறைமேல் பதுங்கியபடி இரண்டு ஆட்கள் இருந்தார்கள். கண்காட்சியில் வைத்தும் ஆயிற்று. அப்புறம், 1901-க்குள், ஆட்களை அழித்துவிட்டார்! நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இப்போது இருப்பது அலையும் பாறையும் மட்டுமே. பார்க்கிற நாம்தான் அந்தப் பாறையில் நின்று நனைகிறோம்.

என் பக்கத்து சீட் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆபீஸ் சர்க்குலரின் பின்பக்கத்தில், பால்பாயின்ட் பேனாவால் கடல் வரைகிறவர் அவர். ஒரே இங்க், ஆனால் அலை நிஜமாகவே அசையும். ஆயில் பெயிண்ட்டை மட்டும் தொட்டதில்லை. இருபத்துநாலு ட்யூப் ஃபாரின் செட் வாங்கியபிறகுதான் ஆரம்பிப்பாராம். இன்க்ரிமென்ட் வரட்டும் என்றார், வந்தது. போனஸ் வரட்டும் என்றார், அது ஃப்ரிட்ஜாகிப் போனது. இப்போது காதோரம் இயற்கையே வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டது.

கவனமாகக் கேட்டுக்கொண்டார். முகத்தில் வெளிச்சம்.

"நாலே ட்யூப் போதுமா ஸார்?"

"போதும்."

"அப்ப ஈஸல் நல்லதாப் பார்த்து வாங்கணும்" என்றார். "அடுத்த இன்க்ரிமென்ட் வரட்டும்."