சங்கிலியா வைத்தியம்?

2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை பற்றி எரிந்தது. 28 பேர் மாண்டார்கள். ஏன் ஓடவில்லை? காலிலே சங்கிலி! தர்காவில் அடங்கியிருப்பவர் கனவில் வந்து உத்தரவு கொடுப்பார், கொடுத்தவுடன் நோய் தீரும் என்று நம்பி, சொந்த ஜனங்களே கொண்டுபோய் விட்டுவருகிற ஊர் அது. கனவுக்கு முன்னே நெருப்பு வந்துவிட்டது.

இது துலுக்கர் ஊர் சங்கதிதானே என்று இந்து சகோதரர்கள் யாரும் மீசையை முறுக்க வேண்டியதில்லை. பேய் பிடித்ததென்று பெண்களை மயிரைப் பிடித்திழுத்துச் சாட்டையால் அடிக்கிற பூசாரி யாருடைய பூசாரி?

நிற்க. சாமியை விட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் மட்டும் கட்டு அவிழ்ந்துவிடுகிறதா? அங்கே சங்கிலிக்குப் பதில் துணிப்பட்டை. கேட்டால், "கட்டாவிட்டால் அடிப்பான், ஓடுவான்" என்கிறார்கள். ஒருவன் தன்னையோ பிறரையோ வெட்டப் போகிற அந்த நிமிஷத்தில் நாலு பேர் சேர்ந்து பிடிப்பதை நாம் குற்றம் சொல்லவில்லை. பிடித்த பிறகு இராத்திரி முழுதும் கட்டிப்போட்டு விட்டுத் தூங்கப் போவதைத்தான் கேட்கிறோம். அது யாருக்கு வைத்தியம்? நோயாளிக்கா, காவலாளிக்கா? கட்டுண்டு கிடப்பவனுக்குப் படுக்கைப் புண் வருகிறது. காலில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலை அடைத்து உயிர் போவதும் உண்டு.

லண்டனையடுத்த ஹான்வெல் ஆஸ்பத்திரியில் 1839-ல் ஜான் கனோலி என்ற டாக்டர், சுமார் 800 நோயாளிகள் இருந்த இடத்தில், சில மாதங்களுக்குள் கட்டும் விலங்கும் அடியோடு நிறுத்தினார். மந்திரத்தாலா? இல்லை, பொறுமையான பணியாட்களைக் கொண்டு. கட்டுகிறவன் செய்கிற வேலையைப் பேசத் தெரிந்தவன் செய்தான், அவ்வளவுதான். ஆனால் பேசத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! கயிற்றுக்குச் சம்பளம் கிடையாது.

நம் தேசத்திலும் 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை அறவே தடுத்திருக்கிறது. உடனே நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பான மனநல டாக்டர் அனுமதித்தால், அவசியமான நேரத்துக்கு மேல் போகாமல் கட்டலாம். தண்டனையாகக் கட்டக்கூடாது, ஆள் போதவில்லை என்பதற்காகவும் கட்டக்கூடாது. கட்டிய காரணத்தையும் நேரத்தையும் உடனே எழுதி வைக்க வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்.

தோழர்களே! உங்கள் தம்பியோ தங்கையோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டப்பட்டிருக்கக் கண்டால் அழுதுகொண்டு திரும்பி வராதீர்கள். யார் உத்தரவு, எத்தனை மணிக்குக் கட்டினது, எப்பொழுது அவிழ்ப்பது என்று கேளுங்கள். எழுதி வைத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.