பட்டியல் நீண்டது, விலை குறைந்ததா?

காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சர்க்கரை நோய்க்கு ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு மற்றொன்று! ஏழை வீட்டு மாதக் கணக்கிலே, அரிசிக்கும் வாடகைக்கும் அடுத்த வரியில் மருந்து வந்து அமர்ந்துவிட்டது. ஏன் இந்த விலை என்று கேட்டால், "ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா?" என்று எதிர்க்கேள்வி வீசுகின்றனர், மருந்து முதலாளிகளுக்காக வழக்காடுவோர். எந்த ஆராய்ச்சிக்கு? பாரசிட்டமால் 1878-ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் உருவான பொருள். மெட்ஃபார்மின் 1922-லேயே ஆய்வேட்டில் இடம்பெற்றுவிட்டது. கண்டுபிடித்தவர்கள் மண்ணாகிவிட்ட பின்னரும், எவருடைய ஆராய்ச்சிக்காக நம் வீட்டுக் கிழவி கப்பம் கட்டுகிறாள்?

விலை தானாக ஏறவில்லை, தோழர்களே! ஏறுவதற்குப் பாதை போட்டுக் கொடுக்கப்பட்டது. 1979-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் 347 மருந்துகள் அடங்கியிருந்தன. 1987-இல் அவை 142 ஆயின. 1995-இல் வெறும் 74! இன்றியமையாத மருந்துகள் கட்டுப்பாட்டை விட்டு நழுவக்கூடாது என்று 2003-இல் உச்சநீதிமன்றம் கூறிய பிறகும், பத்தாண்டு கழித்தே புதிய ஆணை பிறந்தது. 348 மருந்துகள் என்று எக்காளமிட்டனர். ஆனால், பட்டியலை நீட்டிய அதே கை அளவுகோலை மாற்றிவிட்டது!

முன்பு, ஒரு மருந்தைச் செய்ய ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதன்மேல் இலாபத்துக்கு வரம்பு கட்டி விலை வைத்தார்கள். 2013 முதல், சந்தையில் நூற்றுக்கு ஒரு பங்காவது விற்பனையாகும் சரக்குகளின் விலைகளைக் கூட்டி, சராசரி கண்டு, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்தால் அதுவே உச்சவிலை. கொள்ளையரை வரிசையாக நிறுத்தி, அவர்களது சராசரிக் கொள்ளைக்கு நியாயவிலை என்று முத்திரை குத்துவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அதோடு விட்டார்களா? மொத்தவிலைக் குறியீட்டைக் காட்டி, 2022 ஏப்ரலில் ஏறத்தாழ 10.77 சதவீதமும், 2023 ஏப்ரலில் 12.12 சதவீதமும் உயர்த்திக்கொள்ள இசைவளித்தனர். பட்டியலுக்குப் புறம்பானவற்றுக்கோ ஆண்டுதோறும் 10 சதவீதம் வரை தாராளம். டில்லியில் ஆட்சி மாறியது, அளவுகோல் மாறவில்லை. (மருத்துவர் கட்டணமும் சோதனைக்கூடக் கட்டணமும் தனிக் கதை, பிறிதொரு ஞாயிறு பேசுவோம்.)

"விலையை அடக்கினால் தொழில் படுத்துவிடும்" என்று அழுவோருக்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1994-இல் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வணிகப் பெயரை ஒதுக்கிவிட்டு, மருந்தின் பொதுப்பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அங்கே விற்க நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. நட்டப்படவா போட்டி? அடக்க விலையில் விற்றும் இலாபம் கிட்டுகிறது என்பதால்தானே! கடையில் நாம் கொடுக்கும் மிகுதிப் பணம், பெயருக்கும் பளபளப்புக்கும் விற்பனைப் பிரதிநிதியின் பயணத்துக்கும் போகிறது.

சராசரி விலை முறையை ஒழித்து, உற்பத்திச் செலவை அடிப்படையாகக் கொண்ட விலையை மீண்டும் கொண்டுவர வேண்டும். நாடாளுமன்றத்துக்கு வாக்குக் கேட்டு வருவோர் எவராயினும், இந்த ஒன்றுக்கு ஆம் என்பாரா, இல்லை என்பாரா என்று வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள்.